இடது பக்கம் கம்மி

"அடியில பிடிங்க. முன்னாடி வலையில கை படக் கூடாது" என்றார் ராஜு.

நான்கு பேர் சேர்ந்து அந்த ஸ்பீக்கரைச் சாய்த்துத் தூக்கினார்கள். உயரத்தில் அது புனிதாவின் தோளுக்கு வரும். கனத்தில் அவளைத் தோற்கடித்துவிடும். அதன் ஜோடி ஏற்கெனவே சமையலறைக்குப் போய், அரிசி டின்னுக்கும் காய்கறி வைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. மருத்துவமனையில் இருந்து அவள் கணவர் தர்மேந்திரன் வந்து சேர்வதற்குள் ஹாலைக் காலி செய்தாக வேண்டும். தெற்கே தலை வைத்துக் கிடத்த வேறு இடம் கிடையாது. ஈப்போவை ஒட்டிய பெர்ச்சாமில் உள்ள அந்த வரிசை வீட்டின் ஹாலை இத்தனை காலமும் ஆண்டு வந்தவை அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் அவற்றுக்கு நேர் எதிரே கிடந்த ஒற்றை நாற்காலியும்தான். மனிதர்கள் சுவரோரமாக ஒதுங்கி நடக்கப் பழகியிருந்தார்கள்.

புனிதா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அடைக்கிறது என்று நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் இன்று பெட்டியில் திரும்பி வருகிறார். அழ வேண்டிய நேரம் இது. அவளோ ராஜுவின் கைகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொந்தக்காரர்கள் யாரும் வருவதற்கு முன்பே ராஜு வந்துவிட்டிருந்தார். "நான் எல்லாத்தையும் பாத்துக்கிறேன் அக்கா, நீங்க உக்காருங்க" என்றார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பதுதான் புனிதாவின் கேள்வி. வந்ததும் கூடாரத்துக்கு ஆள் வந்தாச்சா, நாற்காலி வந்தாச்சா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஹாலுக்குள் போய், ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் குனிந்து, வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அவ்வப்போது அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு குனிந்துகொண்டார். கள்ளனுக்கு மட்டும்தான் அப்படித் தொண்டை கட்டும் என்று நினைத்துக்கொண்டாள் புனிதா.

ராஜு ஈப்போ டவுனில் உயர்ரக ஆடியோ சாமான்கள் விற்கும் கடை வைத்திருப்பவர். தர்மேந்திரனைவிட வயதில் இளையவர், அண்ணே அண்ணே என்று ஒட்டிக்கொண்டவர். சனிக்கிழமை மதியம் ஆனால் போதும், வேனில் ஒரு புது ஜோடி ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிடுவார். ஹாலில் இருக்கும் ஜோடியையும் வந்த ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, முன்னால் மெல்லிய திரை கட்டுவார்கள். தர்மேந்திரன் நாற்காலியில் உட்காருவார். திரைக்குப் பின்னால் ராஜு நின்று ஒரே பாட்டை, ஒரே சத்தத்தில், இதில் ஒரு தரம் அதில் ஒரு தரம் மாற்றி மாற்றிப் போடுவார். "மொதல்ல பாடினதுதான் நல்லா இருக்கு. ரெண்டாவதுல மிருதங்கத்துக்கு வயிறு இல்ல" என்று தர்மேந்திரன் தீர்ப்புச் சொல்லுவார். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு இருந்தது. வசதியானவர்கள், டாக்டர்கள், சீன முதலாளிகள் எல்லாம் புது ஸ்பீக்கர் வாங்கும் முன்னால் இங்கே வந்து அவரோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். தர்மேந்திரனோ பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன், மின்சாரத் துறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 'தங்கக் காது' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தங்கக் காதில் பெண்டாட்டி பேசுவது மட்டும் ஏறாது. அதுதான் புனிதாவின் வயிற்றெரிச்சல்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு அப்படித்தானே. ஆனால் கோலா கங்சாரில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிய ஒரு மாலையில் எல்லாம் முடிந்துபோயிற்று. அக்காவிடம் கூடச் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தை அவள் அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த தர்மேந்திரன், கொஞ்ச தூரம் போனதும், "இந்த ரோட்ட எப்ப சரி பண்ணப் போறானுங்களோ" என்றார்.

கட்டி ஒன்றும் இல்லை என்று பிறகு டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் அவள் அக்காவோடுதான் போனாள். ஆனால் ரோட்டைப் பற்றிச் சொன்ன அந்த வாக்கியம் கரையவில்லை. அதற்குப் பிறகு புனிதா பேச்சைச் சுருக்கினாள். சாப்பாடு இருக்கிறது, கரண்ட் பில் வந்திருக்கிறது, பையன் தனேஷ் போன் பண்ணினான். அவ்வளவுதான். பிறகு அதையும் குறைத்துக்கொண்டாள். சோற்றை மேசையில் வைத்தால் அவருக்கே தெரியாதா.

வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறார் என்பதற்கு அவளிடம் சாட்சி இருந்தது. சனிக்கிழமைகளில் ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே இருந்த கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ் விழும். தாழுக்குப் பின்னால் அந்த மனிதர் சிரிப்பது கேட்கும். ராஜு ஏதோ சொல்லுவார், இவர் உடனுக்குடன் பதில் சொல்லுவார். அவள் காப்பி கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடும். கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதை மறைக்கிறார்கள்?

போன தீபாவளிக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. வாழ்நாள் முழுக்க ஒட்ட வெட்டிய தலைமுடியை, ஓய்வு பெற்ற பிறகு, காதை மூடுகிற அளவுக்கு வளர்த்தார். கண்ணாடி முன்னால் நின்று அதைக் காதின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். இந்த வயதில் யாருக்காக இந்த அலங்காரம் என்று புனிதா கேட்கவில்லை. கேட்காமல் மனசுக்குள் ஒரு பெண்ணை உட்கார வைத்தாள். அவளுக்கு முகம் மட்டும்தான் கிடைக்காமல் இருந்தது.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அதற்கும் ஒரு வழி பிறந்தது. மூக்கில் வைத்திருந்த மூச்சுக் குழாயை ஒதுக்கிவிட்டு, தர்மேந்திரன் ராஜுவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கட்டிலின் இந்தப் பக்கம் நின்ற மனைவியை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் ராஜுவைக் குனிய வைத்து அவர் காதில் ஏதோ சொன்னார். ராஜு தலையாட்டினார். "என்ன சொன்னாரு?" என்று வெளியே வந்து புனிதா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா."

சாகப் போகிற மனிதன் சும்மா ஒன்றைச் சொல்லுவானா? அதுதான் புனிதாவை இரவு முழுக்க உட்கார வைத்தது. தன் புருஷன் கடைசியாகப் பேசிய பேச்சு அவளுடையது இல்லை, இந்த வேன்காரருடையது. அது என்ன என்று தெரியாமல் புருஷனின் உடலைத் தூக்கவிடக் கூடாது. தூக்கிவிட்டால் அப்புறம் ராஜு எதை வேண்டுமானாலும் பூசி மெழுகிவிடுவார்.

*

பகல் ஏறும்போது தர்மேந்திரன் வந்தார். குளிப்பாட்டி, பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, திறந்த சவப்பெட்டியில் வைத்து ஹால் நடுவே கிடத்தினார்கள். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் தனேஷ் விடியும்போதே வந்து சேர்ந்திருந்தான். அப்பாவின் காலடியில் நின்றுகொண்டு வந்தவர்களிடம் எல்லாம் ஒரே மாதிரி தலையசைத்துக்கொண்டிருந்தான்.

காரியங்களை நடத்தியது தர்மேந்திரனின் அக்காள் ராக்காயி. தோட்டத்து லய வீடுகளில் எத்தனையோ சாவுகளைப் பார்த்து, குரலிலேயே கூட்டத்தை மேய்க்கத் தெரிந்தவள். யாரோ ஒருவர் கைக்கு அடக்கமான ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து தர்மேந்திரனின் தலைமாட்டில் வைத்து, போனில் இருந்து தேவாரம் போட்டுவிட்டார். பசாரில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் விற்கிற சாமான் அது. தகர டப்பாவுக்குள் இருந்து ஓதுவார் பாடுவது போல் இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் ராஜு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"நல்ல பாட்டுப் பெட்டி ரெண்டு இருக்கேம்மா. அதுல போடக் கூடாதா? எந்தம்பி உசுரா வச்சிருந்தானே" என்றாள் ராக்காயி.

"அத இப்ப கட்ட முடியாதும்மா, ரொம்ப சுசா லா, கஷ்டம்" என்று அவசரமாகச் சொன்னார் ராஜு. சொல்லிவிட்டு சுவரோரம் போனார்.

அங்கே ஆம்ப்ளிஃபையர்கள் அடுக்கிய ரேக் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. கனம் என்பதால் அதன் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்து, பெட்டியைச் சுற்றி விழுந்து, அழுகை உச்சத்தில் இருந்த நேரம். எல்லார் கண்ணும் பிணத்தின் மேல் இருந்தது. புனிதாவின் கண் மட்டும் ராஜுவின் மேல் இருந்தது. அவர் வேட்டியின் ஓரத்தைத் தூக்கினார். கையை ரேக்கின் பின்பக்கம் விட்டுத் துழாவினார். நகைக்கடையில் மோதிரம் வைத்துத் தருகிற அளவில் ஒரு கறுப்புச் சிமிழை எடுத்து, சட்டைப் பைக்குள் போடவில்லை, இடுப்பில் போட்டிருந்த சிலுவாரின் பைக்குள் ஆழத் திணித்தார். பிறகு ரொம்ப நல்ல பிள்ளையாகச் சமையலறைப் பக்கம் நடந்தார்.

புனிதா எழுந்தாள்.

"எங்கம்மா போற? தலைமாட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது நீ" என்றாள் ராக்காயி.

"தண்ணி குடிச்சிட்டு வாரேன் அண்ணி."

"யாராச்சும் கொண்டாருவாங்க லா. உக்காரு."

"நானே போறேன்" என்றாள். துக்க வீட்டில் புதிதாகத் தாலி இழந்தவள் இவ்வளவு விறுவிறுவென்று நடந்ததை அங்கே இருந்தவர்கள் அப்புறம் ரொம்ப நாள் பேசியிருக்கக்கூடும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சமையலறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, இந்தப் பக்கத்துத் தாழைப் போட்டாள்.

ராஜு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியேறப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையில என்ன ராஜு?"

"வயருக்கா. ஸ்பீக்கர் வயரு. தொலஞ்சிருமேன்னு எடுத்து வச்சேன்."

"வயர எதுக்கு மோதிரப் பெட்டியில வைக்கிறீங்க?"

 போர்த்தி நின்ற இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் அவரும் ஒரு ஸ்பீக்கர் மாதிரி நின்றார்.

"நேத்து அவரு சொன்னது இதுதானே? யாருக்குக் குடுக்கச் சொன்னாரு?"

"யாருக்கும் இல்லக்கா."

"நான் தனேஷக் கூப்பிடவா? அவன் வந்து கைய விட்டு எடுப்பான். இத்தன பேரு முன்னால அது உங்களுக்கு நல்லா இருக்காது."

"அக்கா, அவருக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"பொண்டாட்டிக்குத் தெரியாம செத்தவன் வீட்டுல திருடிக் குடுக்கிறேன்னா?"

ராஜுவுக்கு முகம் சிவந்துபோயிற்று. சிமிழை எடுத்து ஸ்பீக்கரின் தலைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

புனிதா திறந்தாள். மோதிரத்தைத்தான் எதிர்பார்த்தாள். உள்ளே தோல் நிறத்தில், முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்த ஒரு சாமான் இருந்தது. அதிலிருந்து கண்ணாடி போலத் தெளிவான மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு ஒரு ரப்பர்க் குமிழில் முடிந்தது. நகையும் இல்லை, சாவியும் இல்லை. ஸ்பீக்கருக்குள் இருக்கிற ஏதோ விலையுயர்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டார் என்று அவளுக்கு உடனே தோன்றியது.

"இது எந்த ஸ்பீக்கரோட சாமான்?"

"ஸ்பீக்கரோடது இல்லக்கா. காதுல மாட்றது. அண்ணனோடது."

அவள் மறுபடியும் அதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் விடவில்லை.

"பொய் சொல்லாதீங்க. ஊசி விழுந்தா எந்த மூலையில விழுந்துச்சுன்னு சொல்ற மனுஷன் அவரு."

"அது முன்னாடிக்கா." ராஜு அரிசி டின்னின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "ஒரு சனிக்கிழம பாட்டு கேட்டுட்டு, இடது பக்கம் கம்மியா இருக்குன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வயர மாத்தினேன். அப்பவும் கம்மி. ஆம்ப்ளிஃபையர மாத்தினேன். கம்மி. கடையில இருந்து வேற ஜோடி ஸ்பீக்கரே கொண்டாந்தேன். அதுலயும் இடது பக்கம் கம்மி. உன் கடையில எல்லாமே ஓட்டச் சாமான்தானான்னு திட்டினாரு. இந்த ஹாலு சரியில்லன்னு செவத்துக்குக் கம்பளம் அடிச்சோமே, ஞாபகம் இருக்கா? அது அப்பதான்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒட்டடை அடிக்கக்கூட வழியில்லாமல் போன கம்பளம்.

"கடைசியா நாற்காலியத் திருப்பிப் போடச் சொன்னாரு. ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி உக்காந்தாரு. அப்படி உக்காந்தா வலது ஸ்பீக்கருதானே இடது கைப் பக்கம் வரும்? இப்ப எது கம்மின்னு கேட்டேன். கண்ண மூடிக்கிட்டு இடது கையத் தூக்கினாரு." ராஜு தன் இடது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கினார். "எனக்கு வெளங்கிருச்சு. அவருக்கும் வெளங்கிருச்சு. பாட்ட நிறுத்து ராஜுன்னாரு."

ஹாலில் தேவாரம் தகரத்தில் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும், அழுகை ஒரு முறை உயர்ந்து தணிந்தது.

"அப்ப வர்றவங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னாரே?"

ராஜு தரையைப் பார்த்தார். "திரைக்குப் பின்னால நான் இருமுவேன். ஒரு தரம் இருமினா மொதல்ல பாடினது. ரெண்டு தரம்னா ரெண்டாவது. எனக்கும் யாவாரம் ஓடுச்சு, அவருக்கும் பேரு நின்னுச்சு. தப்புதான்க்கா. இல்லன்னு சொல்லல."

ஆக, இந்த ஆளைச் சந்தேகப்பட்டது முழுக்க வீண் இல்லை. அதில் ஒரு அற்பத் திருப்திகூட அவளுக்குப் பிறந்தது. பிறந்த வேகத்தில் செத்துப்போயிற்று. அவள் மெதுவாக வேறொன்றைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். காரில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம் கதவு. இடப்பக்கம்தான் அவள். கட்டிலில் சுவரோரம் அவர் படுப்பார், அவருக்கு இடப்பக்கம் அவள். கோயிலில், கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் எல்லா இடத்திலும் பெண்டாட்டிக்கு என்று உலகம் ஒதுக்கி வைத்திருக்கிற பக்கம் அது. நேற்று ஆஸ்பத்திரியிலும் அதே பக்கம்தான் நின்றாள்.

"கோலா கங்சார்ல இருந்து வந்தப்ப" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். ராஜுவுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. ரோட்டைப் பற்றிப் பேசியவருக்கும் கடைசிவரை தெரியாமலேயே போயிற்று.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லுங்கன்னு எத்தனையோ தரம் சொன்னேன். அவ சிரிப்பான்னாரு. காது போனவனுக்கு எதுக்கு இந்த வெலையில ஸ்பீக்கருன்னு கேப்பான்னாரு."

கேட்டிருப்பாள். அதில் சந்தேகமே இல்லை. கேட்டுவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணி, தங்கக் காதின் லட்சணத்தைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தும் இருப்பாள். அது தன் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று புனிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் இந்த மிஷின வாங்கிக் குடுத்தேன். இதுல பாட்டு தகரம் மாதிரி கேக்குதுன்னு பாட்டுக்குப் போட மாட்டாரு. எங்கூடப் பேசறப்ப மட்டும் போட்டுக்குவாரு. நீங்க கதவத் தட்டினா கழட்டி அந்த ரேக்குக்குப் பின்னால வச்சிருவாரு. நேத்து அதத்தான் சொன்னாரு. அவ கண்ணுல படறதுக்குள்ள எடுத்துருன்னு."

"அவ்வளவுதானா சொன்னாரு?"

"அவ்வளவுதான்க்கா."

கதவை யாரோ தட்டினார்கள். "புனிதா, கோடி போடணும், வாம்மா" என்று ராக்காயியின் குரல் கேட்டது. "வாரேன் அண்ணி" என்றாள். நகரவில்லை.

ராஜு எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் ஸ்பீக்கரின் மேல் இருந்த விரிப்பில் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றார்.

"சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. தீபாவளிக்கப்புறம் முடி வளத்தாரு இல்ல? இத மறைக்கத்தான். வீட்டுலயும் போட்டுக்கப் போறேன் ராஜு, அவ பேசறது கேக்கணும்னாரு. நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் போட்டிருந்தாரு. அடுத்த சனிக்கிழம சிமிழோட கொண்டாந்து, இது வேல செய்யல, மாத்திக் குடுன்னாரு. நான் சோதிச்சுப் பாத்தேன். நல்லாத்தான்க்கா இருந்துச்சு. ஃபேன் சத்தம் கேக்குது, கொழாய்ல தண்ணி விழற சத்தம் கேக்குது, அவ சத்தம் மட்டும் வரவே இல்ல ராஜுன்னாரு."

புனிதா கையை நீட்டி ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டாள். வலையில் கை பட்டது. ராஜு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் அவளுக்கு நினைவில்கூட இல்லை. எல்லா வாரத்தையும் போல அது இருந்திருக்கும். சோற்றை வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போயிருப்பாள். அந்த மனிதர் முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு குரலுக்காகக் காத்திருந்திருப்பார். நீ என்னோடு பேசுவதே இல்லையே என்று கேட்டிருக்கலாம் பாவி. கேட்க வெட்கப்பட்டிருப்பார். அவளும்தான் எதையும் கேட்கவில்லை. அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் இல்லாமல், குளிர்பெட்டியின் பக்கவாட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ராஜு பின்கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் சிமிழைக் கையில் எடுத்தாள்.

"இதப் போட்டே அனுப்பிரலாமா?"

"பேட்டரி இருக்குக்கா. நெருப்புல வெடிச்சிரும். மின்சுடலையில விட மாட்டாங்க."

"அப்ப எப்படிப் போடறதுன்னு காட்டுங்க."

ராஜு கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் காதிலேயே வைத்துக் காட்டினார். பின்னால் ஒரு சின்ன மூடி இருந்தது. அதை மூடினால் ஓடும், திறந்தால் நின்றுவிடும். வளைந்ததைக் காதுக்குப் பின்னால் மாட்டி, ரப்பர்க் குமிழை உள்ளே செலுத்த வேண்டும். "சரியா உக்காரலன்னா கூவும். விரலால அழுத்திப் பிடிச்சா நின்னுரும்" என்றார்.

*

கோடித் துணிகள் போட்டாயிற்று. வாய்க்கரிசி போட்டாயிற்று. பேரப்பிள்ளைகள் இல்லாததால் தர்மேந்திரனின் தங்கச்சி மகள் வயிற்றுப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். வெளியே கூடாரத்தில் உறுமிக்காரர்கள் மேளத்தைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்க நான்கு பேர் வந்து மூலைக்கு ஒருவராக நின்றார்கள். மூடி சுவரில் சாய்ந்திருந்தது.

"பாத்துக்கம்மா. கடைசியா மொகத்தப் பாத்துக்க" என்றாள் ராக்காயி.

புனிதா அவருடைய இடது காதுப் பக்கம் போய் மண்டியிட்டாள். குளிப்பாட்டியபோது சீவிவிட்ட முடி காதை மூடிக் கிடந்தது. அதை விலக்கினாள். தலையைத் தடவுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். சேலைத் தலைப்புக்குள் இருந்து எடுத்ததைக் காதுக்குப் பின்னால் மாட்டினாள். காது ஐஸ் மாதிரி இருந்தது. குமிழ் உள்ளே போக மறுத்தது. பின்னால் இருந்த சின்ன மூடியைத் தள்ளி மூடினாள்.

மெல்லிதாக, கம்பி இழுத்த மாதிரி ஒரு கூவல் எழுந்தது.

"யாரு போனு அது? அமத்துங்க" என்றாள் ராக்காயி.

ஆண்கள் பைகளைத் தடவினார்கள். தலைமாட்டில் இருந்த குட்டி ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று யாரோ அதை அணைத்தார்கள். தேவாரம் நின்றது. கூவல் நிற்கவில்லை. ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் செத்தவரிடம் இருந்துதான் வருகிறது என்று பக்கத்தில் நின்ற ஒருத்திக்குத் தெரிந்து, அவள் இரண்டடி பின்னால் போனாள். சமையலறை வாசலில் ராஜு தலையைக் குனிந்து நின்றார்.

புனிதா ஆள்காட்டி விரலால் குமிழை அழுத்தினாள். கூவல் அடங்கியது. ஹாலில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது.

என்ன பேசுவது என்று அவளுக்கு வரவில்லை. பேசிப் பேசிப் பழகியவர்களுக்குத்தான் கடைசி நேரத்தில் வார்த்தை வரும் போலிருக்கிறது. குனிந்து, விரலுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

"என்னங்க" என்றாள்.

 குனிந்தபடியே இருந்தாள். தனேஷ் அவள் தோளைத் தொட்டு, "மா, நேரமாச்சு" என்றான். தூக்க வந்த நான்கு பேரும் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் விரலை எடுக்கவில்லை.